ரெசிஸ்டரை மாற்றுவதற்கு முன்

மார்கழி மாதம் விடியற்காலையில் ஏரிக்கரைப் புல்லின் மேல் உறைபனி சுண்ணாம்பு தெளித்தது போலப் படிந்திருக்கும். அந்த நேரத்தில் கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் பட்டறை ஷட்டரைத் தூக்கினால், வாசலில் நிற்கும் முதல் வண்டி பெரும்பாலும் டாக்சியாகத்தான் இருக்கும். டிரைவர் கையைத் தேய்த்துக்கொண்டே சொல்வார்: "அண்ணே, ஹீட்டர் ஃபேன் நாலுல மட்டுந்தான் ஓடுது. ஒண்ணு, ரெண்டு, மூணுல அசையவே மாட்டேங்குது."

கீழே வத்தலக்குண்டில் இது சின்னத் தொந்தரவு. நாலில் வைத்தபடியே ஏசி போட்டுக்கொண்டு போய்விடலாம். 2,100 மீட்டர் உயரத்தில் அப்படி விட முடியாது. நாலில் வைத்தால் இரைச்சல் தாங்காமல் டிரைவர் ஃபேனை அணைத்துவிடுவார். அணைத்த சில நிமிடத்தில் உள்ளே இருப்பவர்களின் மூச்சுக்காற்று முன்கண்ணாடியில் படிந்து மூடிக்கொள்ளும். பெருமாள்மலைக்கும் செண்பகனூருக்கும் நடுவே வெளியே பனிமூட்டம் இறங்கியிருக்க, உள்ளேயும் கண்ணாடி வெளுத்துப்போனால், கொண்டை ஊசி வளைவில் எதிரே வரும் பஸ்ஸின் விளக்கு தெரியாது. இந்த வேலையை நான் பிரேக் வேலைக்குச் சமமாக வைத்துப் பார்ப்பது அதனால்தான். தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் தெரிந்ததைச் சொல்கிறேன்.

1. ஸ்க்ரூ டிரைவரை எடுக்காதே, முதலில் நாபைத் திருப்பு

டிரைவர் சொன்னதைக் கேட்டுக்கொள். பிறகு நீயே உட்கார்ந்து ஒன்றிலிருந்து நாலு வரை ஒவ்வொரு இடத்திலும் பத்து விநாடி வைத்துப் பார். எதில் ஓடுகிறது, எதில் ஓடவில்லை என்று நோட்டில் எழுது. இந்த நாலு வரியில் பாதி வேலை முடிந்துவிடும்.

நாலில் மட்டும் ஓடினால் ரெசிஸ்டர் பக்கம் போ. ஒன்று, இரண்டு, மூன்றில் ஓடி நாலில் நின்றால் ரெசிஸ்டரைத் தொடாதே. நாலாம் வேகத்துக்கான ரிலே, ஸ்விட்சின் நாலாம் காண்டாக்ட், அந்த ஒரு வயர் இவற்றைப் பார். எதிலுமே ஓடவில்லை என்றால் ஃபியூஸ், எர்த், மோட்டார் கார்பன் என்று வரிசையாகப் போ. நாபை அணைத்த பிறகும் ஓடிக்கொண்டே இருந்தால் ரிலே ஒட்டிப்போயிருக்கலாம், வயர் பாடியில் உரசிக்கொண்டும் இருக்கலாம்.

2. நாலு மட்டும் ஏன் பிழைத்தது என்று புரிந்துகொள்

இதை மனதில் வாங்கிக்கொண்டவன் எந்த வண்டியிலும் தடுமாற மாட்டான். அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

மோட்டார் ஒன்றுதான். அதற்கு வேகம் என்று தனியாக எதுவும் கிடையாது. கிடைக்கிற வோல்டேஜுக்கு ஏற்றபடி சுற்றும். அந்த வோல்டேஜைக் குறைத்துக் கொடுப்பதுதான் ரெசிஸ்டரின் வேலை. உள்ளே மூன்று சுருள்கள் ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்திருக்கும். நாபை ஒன்றில் வைத்தால் மூன்று சுருளையும் கடந்துதான் கரண்ட் போகவேண்டும். இரண்டில் வைத்தால் இரண்டு சுருள், மூன்றில் ஒரு சுருள். நாலில் சுருளே இல்லாத நேர்வழி. ரெசிஸ்டர் முழுதாகச் செத்தாலும் அந்த நேர்வழி திறந்தே இருப்பதால் நாலு மட்டும் ஓடுகிறது.

இந்தச் சுருள்களோடு சேர்த்து ஒரு தெர்மல் ஃபியூஸ் வைத்திருப்பார்கள். சூடு எல்லை மீறினால் அது அறுந்துவிடும். அது அறுந்தால் ஒன்று, இரண்டு, மூன்று எல்லாம் ஒரே நேரத்தில் போய்விடும். ஒன்றாம் வேகம் மட்டும் போயிருந்தால், ஒன்றுக்கு மட்டுமே பயன்படும் சுருள் அறுந்திருக்கிறது. ஒன்றும் இரண்டும் போய் மூன்று ஓடினால் நடுச்சுருள்.

இப்போது ஒரு கேள்வி. ஒன்று ஓடுகிறது, மூன்று ஓடுகிறது, இரண்டு மட்டும் ஓடவில்லை. எந்தச் சுருள்? எந்தச் சுருளும் இல்லை. ஒன்றாம் வேகத்தின் கரண்ட் மூன்று சுருளையும் கடந்து போகிறது. அது ஓடினால் மூன்று சுருளும் நன்றாக இருக்கின்றன என்று அர்த்தம். கோளாறு ஸ்விட்சின் இரண்டாம் காண்டாக்டில், இல்லாவிட்டால் அந்த வயரில். இது தெரியாமல் நல்ல ரெசிஸ்டரைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதைப் போட்டவர்கள் உண்டு. புதியதைப் போட்டும் இரண்டு ஓடாது.

சூட்டையும் கணக்குப் போட்டுப் பார். ஒன்றாம் வேகத்தில் 4 ஆம்பியர் ஓடுகிறது, ரெசிஸ்டரில் 8 வோல்ட் இறங்குகிறது என்று வைத்துக்கொள். நாலெட்டு முப்பத்திரண்டு வாட். உன் பட்டறையில் இருக்கும் சின்ன சால்டரிங் அயர்ன் 25 வாட். ஈயத்தை உருக்கும் அந்த அயர்னைவிட அதிகச் சூடு, பிளாஸ்டிக் பெட்டிக்குள், டேஷ்போர்டுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறது. கரண்ட், வோல்டேஜ், தடை மூன்றுக்கும் உள்ள உறவை 1827-இல் புத்தகமாக எழுதிய ஜெர்மன் பள்ளி ஆசிரியர் ஜார்ஜ் ஓமின் பெயரைத்தான் நாம் மீட்டரில் தினமும் படிக்கிறோம்.

இவ்வளவு சூட்டில் அது எப்படி உயிரோடு இருக்கிறது? காற்றால். ரெசிஸ்டரை வேண்டுமென்றே ப்ளோயர் காற்று போகும் வழியில் வைத்திருக்கிறார்கள். ஃபேன் தள்ளும் காற்றே அதைக் குளிர வைக்கிறது. இந்த ஒரு விஷயத்தை மறக்காதே. அடுத்து நான் சொல்லப்போவதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

3. எரிந்தது ரெசிஸ்டர், எரித்தது யார் என்று தேடு

காற்று குறைந்தால் ரெசிஸ்டர் சாகும். நம் மலையில் காற்றை அடைப்பது பெரும்பாலும் பைன் மர ஊசி இலை. அடுத்தது யூகலிப்டஸ் இலை, அதற்கடுத்தது எலி.

வைப்பருக்குக் கீழே, முன்கண்ணாடியும் பானட்டும் சேரும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் ஜன்னல் இருக்கிறதே, வெளிக்காற்று அதன் வழியாகத்தான் ப்ளோயருக்குப் போகிறது. பைன் மரத்தடியில் நிறுத்திய வண்டியில் ஊசி இலை அந்தச் சந்துகளில் குத்தி நிற்கும். மழை வந்தால் உள்ளே இறங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறி, மார்கழிக் குளிரில் கெட்டிப்பட்டுப் பாய் போலாகிவிடும். தண்ணீர் வடியும் ஓட்டையும் அடைபட்டால், தேங்கிய தண்ணீர் மோட்டாரிலேயே இறங்கும்.

ஒரு முறை ஒரு விருந்தினர் விடுதி வண்டி வந்தது. ஒரே சீசனில் மூன்று ரெசிஸ்டர் மாற்றியாகிவிட்டது, மூன்றும் எரிந்துவிட்டன, ஸ்பேர் பார்ட்ஸ் தரமில்லை என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். நான் ரெசிஸ்டரைப் பார்க்கவே இல்லை. ப்ளோயர் மோட்டாரைக் கீழே இறக்கினேன். ஃபேன் கூட்டுக்குள் இரண்டு கை நிறையப் பைன் ஊசி. அதன் நடுவே சீட் பஞ்சையும் டிஷ்யூ காகிதத்தையும் கிழித்து எலி கட்டிய கூடு, கோழிமுட்டை அளவுக்குக் குழிவாக, அவ்வளவு நேர்த்தியாக. இலைகளின் ஓரம் கருகியிருந்தது. இன்னும் இரண்டு மலை ஏற்றம் ஓடியிருந்தால் உள்ளே தீப்பிடித்திருக்கும். எல்லாவற்றையும் எடுத்து, ஃபேன் கூட்டைத் துடைத்து, வடிகால் ஓட்டையில் கம்பி விட்டுச் சுத்தம் செய்து, நாலாவது ரெசிஸ்டரைப் போட்டேன். அந்த வண்டி அதற்குப் பிறகு இந்த வேலைக்கு வரவில்லை.

கேபின் ஃபில்டர் இருக்கும் வண்டியானால் அதையும் இழுத்துப் பார். பல சின்ன வண்டிகளில் ஃபில்டரே வைத்திருக்க மாட்டார்கள், வெறும் இடம்தான் இருக்கும். அப்படிப்பட்ட வண்டிகளில் இலை நேரே ஃபேனில் போய் விழுகிறது. சந்தேகம் இருந்தால் வைப்பருக்குக் கீழே உள்ள அந்த ஜன்னலைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்துவிடு.

4. மோட்டாரைக் கையால் சுற்று

காற்று வழி சுத்தமாக இருந்தும் ரெசிஸ்டர் எரிந்திருந்தால் அடுத்த குற்றவாளி மோட்டார். தண்ணீர் இறங்கித் துருப்பிடித்த புஷ், தேய்ந்த கார்பன், நடுவில் சிக்கிய ஒரு குச்சி, இதில் எதுவானாலும் மோட்டார் இழுத்துச் சுற்றும். இழுத்துச் சுற்றும் மோட்டார் கூடுதல் கரண்டைக் கேட்கும். அந்தக் கூடுதல் கரண்ட் முழுவதும் ரெசிஸ்டர் வழியாகத்தான் போகவேண்டும். கரண்ட் இரண்டு மடங்கானால் சுருளின் சூடு நாலு மடங்காகும்.

மோட்டாரை இறக்கி, விரலால் ஒரு சுண்டு சுண்டு. நல்ல மோட்டார் சத்தமில்லாமல் சில சுற்று ஓடி நிற்கும். கெட்டது பாதிச் சுற்றிலேயே பிடித்துக்கொள்ளும். க்ளாம்ப் மீட்டர் இருந்தால் கரண்டையும் அளந்து பார். ஆனால் அது டிசி அளக்கும் மீட்டராக இருக்கவேண்டும். கடையில் மலிவாகக் கிடைப்பவற்றில் பல ஏசி மட்டும்தான் அளக்கும். காரில் மாட்டினால் பூஜ்யம் காட்டும், நீ கரண்டே வரவில்லை என்று நினைத்துக்கொள்வாய்.

புஷ் வறண்டிருந்தால் மெல்லிய மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். கார்பன் பக்கம் எண்ணெய் போகவே கூடாது. அரைக்கும் சத்தம் கேட்டால் எண்ணெய் விட்டு அனுப்பாதே, மோட்டாரை மாற்று.

5. கழற்றும்போது

பாட்டரி நெகட்டிவை எடுத்துவிட்டுத் தொடங்கு. ரெசிஸ்டர் பெரும்பாலான வண்டிகளில் இடதுபக்கம், குளோவ் பாக்ஸுக்குப் பின்னால், ப்ளோயர் மோட்டாருக்குப் பக்கத்தில் இரண்டு ஸ்க்ரூவில் நிற்கும். இப்போதுதான் ஃபேன் ஓடியிருந்தால் கொஞ்சம் ஆற விடு. சுருள் விரலைச் சுட்டுக் கொப்புளமாக்கிவிடும். அந்தப் பகுதியில் மஞ்சள் நிறக் கப்ளர் தெரிந்தால் அது ஏர்பேக் லைன். அதில் கை வைக்காதே, டெஸ்ட் லாம்பும் வைக்காதே.

குளோவ் பாக்ஸை இறக்கும் முன் உள்ளே இருப்பதை வண்டிக்காரர் கண்முன்னே எடுத்துக் கொடுத்துவிடு. ஆர்.சி. புத்தகம், சாமி படம், பழனி விபூதிப் பொட்டலம் எல்லாம் அங்கேதான் இருக்கும்.

6. அளக்கும்போது

சுருள்களின் தடை மிகக் குறைவு. அரை ஓம், ஒரு ஓம், இரண்டு மூன்று ஓம் என்ற அளவில்தான் இருக்கும். அதனால் மீட்டரின் இரண்டு முனைகளையும் முதலில் ஒன்றோடொன்று தொட்டுப் பார். 0.3 காட்டினால் அது வயரின் தடை. அதைக் கழித்துக்கொண்டு படி. வழியே இல்லை என்று மீட்டர் காட்டினால் சுருளோ தெர்மல் ஃபியூஸோ அறுந்திருக்கிறது.

புதியவர்கள் குழம்பும் இடம் இன்னொன்று உண்டு. எல்லா வண்டியிலும் ஸ்விட்ச் சப்ளை பக்கம் இருக்காது. ஜப்பான் வழி வந்த பல வண்டிகளில் மோட்டாரின் ஒரு முனைக்கு 12 வோல்ட் நேராக வந்துவிடும். ரெசிஸ்டரும் ஸ்விட்சும் எர்த் பக்கத்தில் இருக்கும். அந்த வண்டியில் நாப் அணைந்திருக்கும்போது மோட்டாரின் இரண்டு முனையிலும் டெஸ்ட் லாம்ப் எரியலாம். அதைப் பார்த்து மோட்டார் போய்விட்டது என்று முடிவு கட்டாதே.

7. கப்ளரை முகர்ந்து பார்

ரெசிஸ்டரை மாற்றுபவர்களில் பாதிப் பேர் கப்ளரைப் பார்ப்பதில்லை. நீ பார். பிளாஸ்டிக் பழுப்பேறியிருக்கிறதா, ஒரு முனை உருகி வளைந்திருக்கிறதா, கருகிய வாடை வருகிறதா? அப்படியானால் அந்த முனை லூசாகிப் பொறி விட்டிருக்கிறது. அதில் புது ரெசிஸ்டரைச் செருகினால் அதையும் அது கெடுத்துவிடும்.

கப்ளரோடு சேர்த்து மாற்று. பழைய வயரின் கனத்துக்குக் குறையாத வயரைப் போடு. முறுக்கி டேப் சுற்றும் வேலை வேண்டாம். நம் ஊர் ஈரத்தில் டேப்பின் பசை இளகி, ஒரே மழைக்காலத்தில் பிரிந்துவிடும். கிரிம்ப் பண்ணி ஸ்லீவ் போட்டுச் சூடு காட்டி ஒட்டு. கூடுதலாகப் பத்து நிமிடம் ஆகும். ஆகட்டும்.

8. அறுந்த ஃபியூஸைக் கம்பியால் இணைக்காதே

இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். இரவு எட்டு மணி, கடை மூடியாகிவிட்டது, சாமான் கிடைக்காது, கஸ்டமர் மதுரை போகவேண்டும் என்கிறார். தெர்மல் ஃபியூஸ் இருந்த இடத்தில் ஒரு துண்டு செம்புக் கம்பியை வைத்துப் பற்ற வைத்தால் உடனே நாலு வேகமும் வந்துவிடும். வண்டிக்காரர் சந்தோஷமாகக் காசு கொடுப்பார்.

அப்படி யாரோ ஒருவர் செய்து அனுப்பிய வண்டி, டம்டம் பாறைக்குப் பக்கத்தில் டேஷ்போர்டு வழியே புகை விட்டு நின்றது. உள்ளே கைக்குழந்தையோடு ஒரு குடும்பம். எல்லோரும் இறங்கிவிட்டார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் அந்த வண்டியை நான் பிரித்தேன். ஹீட்டர் பெட்டியின் பிளாஸ்டிக் வெல்லப்பாகு போல உருகி ஒழுகி, ஃபேன் இறக்கையைப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்தச் செம்புக் கம்பி மட்டும் பழுதில்லாமல் அப்படியே இருந்தது.

சாமான் இல்லையென்றால் இல்லை என்று சொல். நாலாம் வேகத்திலேயே கண்ணாடிப் பக்கம் காற்றைத் திருப்பி, விட்டுவிட்டுப் போட்டுக்கொண்டு இறங்கச் சொல். இரைச்சல் ஒருவரையும் கொல்லாது. 30 ஆம்பியர் ஃபியூஸ் எரிந்த இடத்தில் வயர் நரம்பைச் சுற்றுவதும் இதே பாவம்தான்.

9. ஆட்டோமேட்டிக் ஏசி வண்டி என்றால்

நாபுக்குப் பதில் டிகிரி காட்டும் வண்டிகளில் பெரும்பாலும் இந்தச் சுருள் ரெசிஸ்டர் இருக்காது. டிரான்சிஸ்டர் வைத்த ஒரு மாடியூல் இருக்கும். அது கெட்டால் ஃபேன் ஒரே வேகத்தில் நிற்கலாம், முழு வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கலாம், தன்னிஷ்டத்துக்கு ஏறி இறங்கலாம். அதற்கும் சாபம் அதே இலையும் அதே இழுக்கும் மோட்டாரும்தான். ஆனால் ஓம் மீட்டரை வைத்து அதற்குத் தீர்ப்புச் சொல்லாதே. வயரிங் படத்தைப் பார்த்து, உள்ளே போகும் சிக்னலை அளந்துவிட்டு முடிவு செய்.

10. காற்று வருகிறது, சூடு வரவில்லை என்றால்

இது வேறு நோய். நாலு வேகமும் ஒழுங்காக இருந்து காற்று மட்டும் குளிர்ந்து வந்தால் ஃபேனை விட்டுவிட்டுக் கூலன்ட் அளவு, தெர்மோஸ்டாட், ஹீட்டர் வால்வு கேபிள் இவற்றைப் பார். இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதே. நம் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கீழே மூடியைத் திறந்து பழகியவர்கள் இங்கே கையைப் பொசுக்கிக்கொள்கிறார்கள்.

11. டிரைவருக்கும் சொல்லிக்கொடு

முன்காலத்தில் ஜீப் ஓட்டியவர்கள் பீடித் தூளைத் துணியில் முடிந்து கண்ணாடியைத் தேய்ப்பார்கள். ஹீட்டர் இருந்தும் இன்றைக்குக் கையால் துடைத்துக்கொண்டு ஓட்டுபவர்கள் பலர். காரணம், உள்காற்றையே திரும்பச் சுற்றும் பட்டனை அழுத்தி வைத்திருக்கிறார்கள். ஐந்து பேரின் மூச்சு ஈரம் வெளியே போக வழியில்லாமல் கண்ணாடியில் படிகிறது. வெளிக்காற்று பக்கம் வைத்து, காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பி, ஏசி உள்ள வண்டியானால் ஹீட்டரோடு ஏசியையும் சேர்த்துப் போடச் சொல். குளிருக்கு ஏசியா என்று சிரிப்பார்கள். ஏசி காற்றிலுள்ள ஈரத்தை எடுக்கிறது, ஹீட்டர் அதைச் சூடாக்குகிறது, காய்ந்த சூடான காற்று கண்ணாடியைத் துடைக்கிறது என்று விளக்கு. பூம்பாறை, மன்னவனூர் பக்கம் பூண்டு லோடு ஏற்றப் போகும் வண்டிகளுக்கும் இதைச் சொல். அதிகாலை இருட்டில் போகிறவர்கள் அவர்கள்தான்.

வாரம் ஒரு முறை வைப்பருக்குக் கீழே கையால் இலையை அள்ளிப் போடச் சொல். இரண்டு நிமிட வேலை.

12. பழைய ரெசிஸ்டரைக் கையில் கொடு

எரிந்த சாமானை வண்டிக்காரரிடம் காட்டி, எந்தச் சுருள், ஏன் எரிந்தது என்று சொல். அள்ளிய இலையையும் காட்டு. பிறகு நோட்டில் எழுது: வண்டி, தேதி, எந்த வேகம் போயிருந்தது, எரிந்தது என்ன, எரித்தது என்ன. 1899-இல் தொடங்கிய நம் ஊர் வானாய்வகத்தில், வானம் தெளிந்த நாட்களில் சூரியனைப் படம் எடுத்துச் சேர்த்து வைத்து நூறு ஆண்டுகள் தாண்டிவிட்டன. ஒவ்வொரு படமும் ஒரு நாளைச் சொல்லும், வரிசையாக வைத்தால் சூரியனின் பழக்கம் தெரியும். உன் நோட்டும் அப்படித்தான். என் பழைய நோட்டுகளைப் புரட்டியபோதுதான், ரெசிஸ்டர் வேலை அதிகம் வருவது மழை முடிந்து குளிர் தொடங்கும் வாரங்களில் என்பதே எனக்குப் பிடிபட்டது. இப்போது ஐப்பசியிலேயே தெரிந்த டாக்சிக்காரர்களைக் கூப்பிட்டு இலையை எடுத்துவிடுகிறேன்.

வண்டியைக் கொடுக்கும் முன் நாலு வேகத்திலும் ஐந்து ஐந்து நிமிடம் ஓட விடு. பிறகு கப்ளரைத் தொட்டுப் பார். வெதுவெதுப்பாக இருக்கலாம், சுடக் கூடாது.

மலைக்கு வண்டி ஓட்டி வரும் அன்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். காமக்காபட்டியில் ஏற ஆரம்பிக்கும் முன் ஒரு நிமிடம் நிறுத்தி, ஃபேன் நாபை ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று திருப்பிப் பாருங்கள். எதிலாவது நின்றால் வத்தலக்குண்டிலேயே பார்த்துவிட்டு ஏறுங்கள். ராத்திரியில் மேலே பட்டறை திறந்திருக்காது.